மேஸ்திரியின் மூச்சு

கீழ்த்தளத்துத் தச்சர் காலை ஏழரை மணிக்கு என் கதவைத் தட்டினால் தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கும், இல்லையென்றால் அவர் மனைவிக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். அன்றைக்கு இரண்டும் இல்லை.

"அக்கா, கொஞ்சம் மூச்சு எண்ணிப் பாக்கணும். கீழ வர்றீங்களா?"

"யாருக்கு?"

அவருக்குக் காது மந்தம். முப்பத்தைந்து வருடம் மரமறுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றதில் போனது. இன்னொரு தடவை சத்தமாகக் கேட்டேன்.

"மேஸ்திரிக்கு" என்றார்.

மேஸ்திரி அவர் வளர்க்கும் முயல். சாம்பல் நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒன்று தொங்கும். ஒன்றரை வருடத்துக்கு முன்னால், வீடு மாற்றிக்கொண்டு போன ஒரு குடும்பத்துக்கு அலமாரியைப் பிரித்துக் கட்டிக்கொடுக்கப் போனவர், திரும்பி வரும்போது பழப்பெட்டியில் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். புது வீட்டில் பிராணிகளுக்கு அனுமதி இல்லையாம். அவர் மனைவி பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏற்கனவே வீட்ல காது கேக்காத ஒண்ண வச்சு மாரடிக்கிறேன். இப்ப காது மட்டும் வளந்த இன்னொண்ணா?" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கீரைத் தண்டு எடுத்துவந்து போட்டாள்.

அவர் வீட்டு முன்னறைதான் பட்டறை. அங்கே அது ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, இவர் இழைப்பதையும் அறுப்பதையும் கண் இமைக்காமல் பார்க்கும். ஒரு துரும்பை நகர்த்தாது. அதனால்தான் மேஸ்திரி என்று பெயர். அவருக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. அவரோடு பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். கத்துகிறவர்களின் முகம் கோபமாகத்தான் இருக்கும். ஒரு நாள் முழுக்க அப்படிப்பட்ட முகங்களைப் பார்க்கிறவருக்கு, பேசவே பேசாத ஒன்று எதிரில் உட்கார்ந்திருப்பது சௌகரியம்.

தெருவில் அவருக்கு அரைநூல் என்று பெயர். தச்சு வேலையில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் அரை நூல் கூடிவிட்டது என்று, மாட்டி முடித்த கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனவர் அவர். அந்த வீட்டுக்காரர்கள் இரண்டு நாள் திரைச்சீலையைக் கட்டிக்கொண்டு காவல் இருந்தார்கள். அளவுகோல் வைத்துப் பார்ப்பதற்கு முன்னால் உள்ளங்கையை வைத்துத் தடவுவார். கை எங்கே நிற்கிறதோ அங்கே மேடு இருக்கும். முயலின் மூச்சு மாறியதையும் அப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

"ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு. காலைல விலாவுல கை வச்சேன். ஓட்டம் வேற மாதிரி இருக்கு. ஒரு வாரமாவே லேசா அப்படித்தான். இன்னிக்கு ரொம்ப."

நான் முதியோர் இல்லத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள். படுக்கையில் இருப்பவர்களைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது, காய்ச்சல் பார்ப்பது, மூச்சு எண்ணுவது. மூச்சு எண்ணுவதற்கு எங்களுக்கு ஒரு முறை சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: எண்ணுவது நோயாளிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மூச்சு மாறிவிடும். நாடி பிடிக்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சில் வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். முயலிடம் மணிக்கட்டைக் கேட்க முடியாது. எட்டிப்போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, சுவரைப் பார்க்கிற மாதிரி எண்ணினேன்.

இருநூறைத் தாண்டிப் போனது. எனக்கே பயமாக இருந்தது. பிறகுதான் மூக்கு துடிப்பதை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. முயலின் மூக்கு சும்மாவே துடிக்கும். மறுபடி விலாவைப் பார்த்து எண்ணினேன். தொண்ணூற்றாறு. அதோடு, மூச்சு உள்ளே போகும்போது ஒரு சின்ன சத்தம், ஈரத்தில் ஊதிய கதவை மெல்லத் திறக்கிற மாதிரி. அது அவருக்குக் கேட்டிருக்க வழியில்லை.

"எவ்வளவு?"

"தொண்ணூத்தாறு. அதிகந்தான்னு நினைக்கிறேன்."

"எவ்வளவு இருக்கணும்?"

"மனுஷனுக்குக் கேளுங்க, சொல்றேன்."

முயல் இருந்த இடத்தைப் பார்த்தேன். பட்டறை சன்னலுக்குக் கீழே அதன் வீடு. வீடு என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் முடித்திருந்தார். ஆறு வாரம், வாடிக்கையாளர் வேலையெல்லாம் முடிந்த பிறகு சாயங்காலங்களில் உட்கார்ந்து செய்தது. தேவதாரு மரம். ஒரு ஆணி கிடையாது, ஒரு சொட்டுப் பசை கிடையாது, எல்லாம் பொருத்துதான். சாய்ந்த கூரை, தள்ளித் திறக்கும் கதவு, உள்ளே படுக்க ஒரு அறை. தரையில் அதே தேவதாருவின் இழைப்புச் சுருள், நாலு விரல் உயரத்துக்கு. அலமாரி கேட்டு வந்த ஒருவர்கூட நின்று பார்த்துவிட்டு, எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க, முயல நான் அப்புறம் தேடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் யாருக்கும் செய்து கொடுக்கவில்லை.

நான் சன்னலைப் பார்த்தேன். காற்று நேராக அடித்தது. எங்கள் இல்லத்தில் யாருக்காவது நெஞ்சில் சளி என்றால் முதலில் கட்டிலைச் சன்னலை விட்டு நகர்த்துவோம். அதையே இங்கேயும் சொன்னேன். வீட்டைப் பின்னறைக்கு மாற்றுங்கள், முன்பக்கம் ஒரு சாக்கைத் தொங்கவிடுங்கள், குளிர் படக் கூடாது. காலையும் மாலையும் மூச்சு எண்ணி எழுதி வையுங்கள்.

அவரும் மனைவியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தார்கள். அன்று மாலையே ஒரு ஒட்டுப்பலகைத் துண்டை ஆணியில் மாட்டி, தச்சுப் பென்சிலால் கட்டம் போட்டார். கோடுகள் அச்சடித்த மாதிரி இருந்தன. நாள், நேரம், எண், தின்றதா இல்லையா.

மறுநாள் காலை நூற்றிரண்டு. மாலை தொண்ணூற்றெட்டு. அதற்கு மறுநாள் காலை நூற்றுப் பதினான்கு. புல்லைத் தொடவில்லை.

என் யோசனையில் ஏதோ தப்பு என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சாக்கை இன்னும் கொஞ்சம் இழுத்துவிடச் சொன்னேன்.

மூன்றாம் நாள் அவர் மனைவி மேலே வந்தாள். அவள் பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டு கொடுக்கிற வேலையில் இருக்கிறாள். வார்த்தைகளை எண்ணித்தான் செலவு செய்வாள்.

"அக்கா, அவரு ரெண்டு நாளா சாப்பிடல. அதுவும் சாப்பிடல. ரெண்டு பேருக்கும் நான் பட்டினி வைத்தியம் பாத்துட்டு இருக்க முடியாது. டாக்டர்கிட்ட கொண்டு போகணும், நீங்க கூடப் போங்க. இவருக்கு அங்க பேசறது கேக்காது, எனக்கு லீவு கிடையாது."

மூடி போட்ட கூடையில் ஒரு பழைய துண்டை விரித்து மேஸ்திரியை உட்கார வைத்தோம். பேருந்தில் அவர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, மூடியின் இடுக்கில் கையை விட்டபடி வந்தார். பக்கத்தில் இருந்த ஒரு பெண் என்ன இருக்கிறது என்று கேட்டாள். அவர் காதில் விழவில்லை. நான் சொன்னேன். முயலுக்குப் போய் இவ்வளவா என்று அவள் கேட்டாள். நானும் காது கேட்காதவள் ஆகிவிட்டேன்.

கால்நடை மருத்துவர் சின்ன வயதுக்காரி. முயலைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் தள்ளி நின்று எண்ணினாள். அதனால் எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது. முப்பதிலிருந்து அறுபதுக்குள் இருக்க வேண்டும் என்றாள். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள்.

"நுரையீரல்ல எரிச்சல் இருக்கு. கொஞ்சம் தொத்தும் சேந்திருக்கு. ரெண்டு நாள் இங்க வச்சுப் பாக்கறேன். முயல் மூக்கு வழியாத்தான் மூச்சு விடும். வாயைத் திறந்து மூச்சு விட ஆரம்பிச்சா நமக்கு நேரம் இருக்காது, அதத் தெரிஞ்சுக்கங்க."

நான் அதை அவர் காதருகே திருப்பிச் சொன்னேன். கடைசி வாக்கியத்தை மட்டும் கத்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் சொன்னேன். ஒளிப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"தூசி ஏதாவது?" என்று மருத்துவர் கேட்டாள்.

இது அவருக்கு எப்படியோ கேட்டுவிட்டது. "தூசியா? இல்லம்மா. தினம் காலைல பழசை அள்ளிட்டுப் புதுச் சுருள் போடறேன். ரெண்டு தடவை சலிச்சுப் போடறேன். தூள் ஒண்ணு இருக்காது." அவர் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. தன் வேலையைக் குறை சொன்ன மாதிரி.

மருத்துவர் தலையாட்டினாள். என்ன மரம் என்று அவள் கேட்கவில்லை. வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள்.

இரண்டாம் நாள் மாலை போனோம். எஃகுக் கூண்டில், செய்தித்தாளின் மேல், மேஸ்திரி புல் தின்றுகொண்டிருந்தது. ஐம்பத்திரண்டு. அவர் விலாவில் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. மருத்துவர் மருந்துக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "கைய எடுத்தா மருந்து எப்படிக் குடுக்கறதுன்னு காட்டுவேன்" என்றாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அதன் வீட்டில் விட்டோம். மருத்துவரிடம் கிளம்புவதற்கு முன்பே அவர் புதுச் சுருள் இழைத்து, வழக்கத்தைவிட அதிகமாக, ஆறு விரல் உயரத்துக்குப் பரப்பி வைத்திருந்தார். நோய் தேறி வருகிறவருக்கு மெத்தை போடுகிற மாதிரி.

மறுநாள் காலை எண்பத்தெட்டு. மாலை நூற்றிரண்டு.

"மருந்து சரியில்ல" என்றார்.

"அதே மருந்துலதான் அங்க ஐம்பத்திரண்டு வந்துச்சு" என்றாள் மனைவி.

"அங்க வேற மருந்து குடுத்திருப்பாங்க."

"ஆமா, உங்க முயலுக்குன்னு ரகசியமா ஒரு குப்பி வச்சிருக்காங்க."

அவர் மருந்துக் குப்பியின் மூடியைத் திருகினார். கேட்கவில்லையா, கேட்காத மாதிரி இருந்தாரா என்று முப்பது வருடக் குடும்பத்தில் அவளுக்கே தெரியாது. எனக்கு எப்படித் தெரியும். ஆனால் அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது. பட்டறையில் ஒரு நாற்காலிக் கால் பாதி இழைத்தபடி கிடந்தது. அவர் வேலையைப் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை.

நான் பின்னறைக்குப் போய்ச் சாக்கை விலக்கி, தலையை முயல் வீட்டுக்குள் நுழைத்து, மூச்சுச் சத்தத்தைக் கேட்க முயன்றேன். சத்தம் கேட்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொண்டையில் காரம். வெளியே வந்து இருமினேன்.

"தம்பி, உள்ள என்ன இவ்வளவு நெடி?"

"வாசனையா அக்கா? தேவதாரு. நல்லா இருக்கும்னு சொல்வாங்க."

"சொல்வாங்கன்னா? உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு மூக்கு போய்ப் பதினஞ்சு வருஷம் ஆச்சே. மரத்தூள்ல போயிடுச்சு. காதும் அப்படித்தான், மூக்கும் அப்படித்தான். கையும் கண்ணுந்தான் மிச்சம்."

அவர் மனைவியைப் பார்த்தேன். "எனக்கு அந்த வாசனை இங்க எப்பவுமே இருக்கறதுதான்" என்றாள். "பழகிப்போச்சு."

"இந்த மரத்த எதுக்கு வாங்கறீங்க? வழக்கமா தேக்குதானே போடுவீங்க?"

"அலமாரிக்கு உள்பக்கம் போடறதுக்கு. துணி வைக்கிற தட்டுக்கெல்லாம். இதப் போட்டா பூச்சி அண்டாது."

"ஏன் அண்டாது?"

"இதோட எண்ணெய் வாடை அதுக்கு ஆகாது. மூச்சு முட்டிடும், அதனால..."

அங்கே நிறுத்திக்கொண்டார். கையில் இருந்த பென்சிலைக் காதில் செருகப் போனவர், செருகாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி பூச்சியா அக்கா?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார்.

"பூச்சி இல்ல. ஆனா அது மூக்கு எங்க இருக்கு, பாருங்க. அந்தச் சுருளுக்கு ரெண்டு விரல் மேல. நாம தலைய நீட்டி ஒரு நிமிஷம் தாங்க முடியல. அது ரெண்டு மாசமா அதுக்குள்ள படுத்திருக்கு. நான் வேற சன்னல விட்டு நகத்தி, சாக்கத் தொங்கவிட்டு, வாடைய உள்ளயே அடைச்சு வச்சிருக்கேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. முப்பத்தோரு வருட அனுபவம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவள், பிராணவாயு வேண்டிய ஜீவனுக்குக் கதவைச் சாத்தியிருக்கிறேன். ஆனால் நடந்தது அதுதான்.

அவர் ஒட்டுப்பலகைக்கு முன்னால் போய் நின்றார். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். பின்னறைக்கு மாற்றிய மறுநாள் ஏறியிருந்தது. காலையில் புதுச் சுருள் போடுவதற்கு முன்னால் எண்ணிய நாளில் குறைவு, போட்ட பிறகு எண்ணிய நாளில் அதிகம். மருத்துவரிடம் இருந்த இரண்டு கட்டமும் ஐம்பதுகள். ஆறு விரல் மெத்தை போட்ட மறுநாள் மறுபடி நூறைத் தாண்டியது. அளவுகளோடு வாழ்கிற மனிதருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"நான் ரெண்டு தடவை சலிச்சேன்" என்றார், யாரிடமென்று இல்லாமல்.

"சலிச்சீங்க. தூசி இல்லதான்" என்றேன்.

"மேல கொண்டு போறேன்" என்றும் சொன்னேன். "மூணு நாள் என் வீட்ல இருக்கட்டும். பழைய போர்வைய விரிச்சு, சன்னலத் திறந்து வைக்கறேன். மரம் ஒண்ணும் வேண்டாம். மருந்து அதேதான். எண்ணிக்கை இறங்கினா நாம சொல்றது சரி. இறங்கலன்னா டாக்டர்கிட்ட திரும்பப் போவோம்."

அவரே தூக்கிக்கொண்டு வந்தார். என் வீட்டுச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில், துணி உலர்த்தும் சட்டத்தைப் படுக்கப்போட்டு வேலி கட்டினேன். முதல் நாள் தொண்ணூற்றைந்து. வாயைத் திறக்குமோ என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் நாலு தடவை மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார். படியேறி வந்த மூச்சிரைப்போடு, அவர் அதன் மூச்சை எண்ணுவார். நாலாவது தடவை, "நீங்க முதல்ல உக்காருங்க, யாருடைய மூச்ச எண்ணுறீங்கன்னு தெரியல" என்று சொன்னேன். உட்கார்ந்தார். வேட்டி மடிப்பிலும் சட்டையிலும் அவர்மேல் அதே நெடி. சட்டையை மாற்றிக்கொண்டுதான் இனிமேல் வர வேண்டும் என்று சொன்னேன். இறங்கிப் போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

இரண்டாம் நாள் மாலை எழுபத்திரண்டு. போர்வையின் ஓரத்தைத் தின்றிருந்தது. பசி வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை ஐம்பத்தாறு. அந்தச் சின்னச் சத்தம் மட்டும் இருந்தது.

மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னோம். "நான் என்ன மரம்னு கேட்டிருக்கணும்" என்றாள். அப்படிச் சொல்கிற மருத்துவர்கள் குறைவு. நுரையீரல் முழுசாக ஆறுமா என்று தெரியாது, ஈரக் காலத்தில் கவனமாக இருங்கள், காற்று ஓடட்டும், நறுமணம் எதுவும் கிட்டே வேண்டாம் என்றாள்.

அப்புறம் அந்த வீடு. நான் போனபோது அதைப் பட்டறை நடுவில் வைத்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். மனைவியும் நின்றிருந்தாள்.

"இத வெளில வச்சிடலாம்ங்க. பிரிக்க வேண்டாம். யாராவது வாங்கிப்பாங்க."

"யாரு வாங்குவாங்க? முயல் வச்சிருக்கிறவந்தான் வாங்குவான்."

அவள் கூரையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"கோழிக்கு?" என்று நான் கேட்டேன்.

"கோழிக்கு மட்டும் மூக்கு இல்லையா?" என்றார்.

கொட்டாப்புளியை, அந்த மரச் சுத்தியலை, எடுத்தார். ஆணியும் பசையும் இல்லாமல் செய்ததால், எந்தப் பொருத்து கடைசியாகப் பூட்டியதோ அதை முதலில் தட்டினால் போதும். கூரை கழன்றது, பிறகு பக்கப் பலகைகள், பிறகு கதவு. ஆறு வாரம் செய்தது அரை மணி நேரத்தில் பலகையாகிவிட்டது. ஒரு பொருத்துகூடச் சிதையவில்லை. ஒவ்வொன்றையும் கையால் தடவி, அளவு வாரியாக அடுக்கினார். அதை நான் ஆறுதலாகவும் சொல்லவில்லை, அவரும் ஆறுதல் தேடவில்லை. பலகைகள் பிறகு யாரோ ஒருவருடைய அலமாரிக்குள் போயின. பூச்சி அண்டாமல் இருக்கும்.

மறுநாள் மாலை, கடைத்தெருவிலிருந்து அவர் தலையில் ஒரு பச்சை நிற பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். பெரிய கடைகளில் காய்கறி அடுக்கிவைக்கும் பெட்டி, சுற்றிலும் ஓட்டை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று கல்யாண வீட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டவர். தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். "என்ன அரைநூலு, தொழில மாத்திட்டியா?" என்று கேட்டார்கள். பெட்டியை இறக்கி, நாலு மூலையையும் மூலைமட்டத்தால் சரிபார்த்தார். ஒரு மூலை கோணல். "ஒரு நூல் தள்ளி இருக்கு" என்று சொல்லிவிட்டு, அப்படியே விட்டார்.

மேஸ்திரி இப்போது அதில்தான் இருக்கிறது. தரையில் போர்வைத் துண்டு, அதன் மேல் புல். சாதாரண நாளில் ஐம்பதுக்குப் பக்கத்தில் ஓடுகிறது, மழை பெய்தால் எழுபது. அந்தச் சத்தம் போகவில்லை. போகாது என்று நினைக்கிறேன். கிழடுகளுக்கு இருமல் இருப்பது மாதிரி அதோடு அது வாழ்ந்துகொள்ளும்.

போன மாதம் ஒருவர் மூன்று தேவதாரு அலமாரிகள் கேட்டு வந்தார். தச்சர் வேண்டாம் என்று சொல்லவில்லை, பிழைப்பு. ஆனால் இழைப்பு வேலை முழுக்கப் பின்சந்தில், வெயிலில் நின்று செய்கிறார். சாயங்காலம் வேலை முடிந்ததும் அங்கேயே குழாயடியில் கை, முகம், கழுத்து எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்கிறார். சட்டையை வெளிக் கொடியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, வேறு சட்டை மாட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறார்.

அவர் மனைவி நேற்று என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன், மரத்தூளோட உள்ள வராதீங்க, எனக்குத் தும்மல் வருதுன்னு. கேட்டாரா? காது கேக்கலன்னு நினைச்சேன்."

"இப்பக் கேட்டிருக்கு."

"கேட்டிருக்கு. எனக்காக இல்ல." எழுந்துகொண்டாள். "ஆனா பாருங்க, தும்மல் நின்னுபோச்சு."